விதியைத் திருத்தும் முன், போர்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள்

கேள்வி சுருக்கமாக இது: கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு, பெருமாள்மலை, வில்பட்டி சுற்றுவட்டாரக் கேரம் குழுக்கள் சேர்ந்து ஆண்டுதோறும் போட்டி நடத்துகின்றன. பழைய விதித்தாளைத் திருத்தணும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் "உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்" என்று போட்டார்கள். இரண்டு நாளில் 900 செய்தி வந்தது, இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள், ஒரு விதிகூட முடிவாகவில்லை. இதை ஒழுங்காக எப்படிச் செய்வது?

தம்பி, 900 செய்தியோடு முடிந்ததே என்று சந்தோஷப்படுங்கள். குன்னூரில் நாங்கள் முதல் தடவை இப்படிக் கேட்டபோது, ரெட்டுக்கு ஃபாலோ போடுவது (சிவப்புக் காயை விழுத்திய பின் சொந்தக் காயையும் விழுத்துவது) பற்றிய தகராறு ஒரு கல்யாணப் பந்தி வரைக்கும் போய், மாப்பிள்ளை வீட்டார் வந்து விலக்கிவிட வேண்டியதாயிற்று. குன்னூர், கோத்தகிரி, அருவங்காடு பக்கத்துக் குழுக்கள் சேர்ந்து ஆடும் ஒரு சின்ன லீக்கின் விதித்தாள் பதினோரு வருடமாக என் கையில் இருக்கிறது. மூன்று முறை பெரிய திருத்தம் செய்திருக்கிறோம். முதலாவது முழுத் தோல்வி, இரண்டாவது அதைவிட மோசம், ஏனென்றால் அது வெற்றி என்று ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தோம். மூன்றாவது பரவாயில்லை.

நீங்கள் கேட்ட கேள்வியில்தான் கோளாறு. "கருத்து சொல்லுங்கள்" என்றால் நம்மாட்கள் தீர்ப்புதான் சொல்வார்கள். "பவுடர் விதியை மாத்து", "நேரத்தைக் குறை", "தம்மிங்கைத் (கட்டைவிரலால் அடிப்பதை) தடை பண்ணு". ஏன் என்று நீங்கள் கேட்பதற்குள் இன்னொருவர் எதிர்த்தீர்ப்பு போட்டிருப்பார், அதற்கு ஒருவர் கைதட்டும் பொம்மை போட்டிருப்பார், நடுவில் ஒருவர் ரோஜாப்பூவோடு இனிய காலை வணக்கம் சொல்லியிருப்பார். ஆட்டக்காரனுக்கு எங்கே வலிக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். மருந்து என்ன என்பதில்தான் பெரும்பாலும் தப்பு விடுவான். அதனால் வலியைக் கேளுங்கள், மருந்தைக் கேட்காதீர்கள்.

எங்கள் இரண்டாவது திருத்தத்தில் அதிகம் பேர் கேட்டது பவுடர் விதியை. ஒரு போர்டுக்கு, அதாவது காய்களை அடுக்கி ஆடி முடிக்கும் ஒரு சுற்றுக்கு, இரண்டு தடவைதான் போரிக் பவுடர் போடலாம், அதுவும் அம்பயர் அனுமதியோடு என்று வைத்திருந்தோம். போதவில்லை, காய் நகரவே மாட்டேங்குது, ஆடுகிறவரே தேவைக்குப் போட்டுக்கொள்ளட்டும் என்று ஏறக்குறைய எல்லாக் குழுவும் சொன்னது. நாற்பது பேர் ஒரே குரலில் கேட்கிறார்களே என்று மாற்றிவிட்டோம். அடுத்த ஐப்பசியில் போர்டெல்லாம் மாவு மில் மாதிரி ஆனது. பவுடர் ஈரத்தில் கட்டிகட்டியாக நின்றது, ஸ்ட்ரைக்கர் அதில் ஏறி இறங்கித் திசை மாறியது, ஒருவர் போட்ட பவுடரை அடுத்தவர் ஊதிவிட, எதிரே உட்கார்ந்திருந்தவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்.

மூன்றாவது தடவை "என்ன வேண்டும்" என்று கேட்கவில்லை. எந்த ஹால், எந்த போர்டு, எத்தனை மணி, என்ன நடந்தது என்று மட்டும் கேட்டோம். வந்ததை ஹால் வாரியாகப் பிரித்து வைத்தபோது பார்த்தால், பவுடர் புகார் அத்தனையும் இரண்டே ஹாலில் இருந்து, அதுவும் சாயங்காலம் மிஸ்ட் இறங்கிய பிறகு. மற்ற ஹாலில் அதே பவுடர், அதே கடையில் வாங்கிய போர்டு, ஒரு முணுமுணுப்பும் இல்லை. நேரில் போய்ப் பார்த்தேன். அந்த இரண்டு ஹாலிலும் போர்டுக்கு மேலே தொங்கும் ஷேடில் பழைய 100 வாட் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டியிருந்தார்கள். வெளிச்சம் பிரமாதம். ஆனால் குண்டு பல்பு இழுக்கும் கரண்டில் பெரும்பகுதி சூடாகத்தான் போகும். கரண்ட் பில்லை ஏற்றிய அந்தச் சூடுதான் இத்தனை வருடமும் பிளைவுட்டில் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொண்டிருந்தது. வடகிழக்கு மழை பிடித்துவிட்டால் குன்னூரில் கொடியில் போட்ட சட்டையே மூன்று நாள் காயாது, போர்டு எப்படிக் காயும்? ஆட்டத்துக்கு அரைமணி நேரம் முன்னால் குண்டு பல்பைப் போட்டு வைப்பது, ஆடாத நேரத்தில் போர்டைக் கம்பளியால் மூடி வைப்பது என்று ஏற்பாடு செய்தோம். பவுடர் விதி பழையபடி திரும்பி வந்தது, யாரும் கேட்கவில்லை. நாற்பது பேர் சொன்ன வலி உண்மை. விதித்தாளில்தான் அதற்கு வேலை இல்லை.

இதனால் சம்பவப் படிவம் ஒன்று தயார் செய்யுங்கள். கூகுள் ஃபார்ம் போதும். ஆறு கேள்விக்கு மேல் வேண்டாம்: எங்கே, எப்போது, போர்டில் என்ன நிலை, என்ன நடந்தது, அம்பயர் என்ன சொன்னார், நீங்கள் ஆடினீர்களா பார்த்துக்கொண்டிருந்தீர்களா. கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும், ஆனால் பொன். எங்களுக்கு வந்ததில் கோபம் நிறைந்தவை பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுடையவை. ஆடினவர் பாதிப் பேர் அந்தத் தகராறையே மறந்துபோயிருந்தார். "விதியை எப்படி மாற்றலாம்" என்று ஒரு பெட்டியும் வையுங்கள், இல்லாவிட்டால் மனசு ஆறாது. ஆனால் அதைக் கடைசியில் வையுங்கள், கட்டாயம் ஆக்காதீர்கள், முதல் வாசிப்பில் நீங்களும் அதைப் படிக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பிலேயே 'போல்' (ஓட்டெடுப்பு) போடலாமே என்பீர்கள். வேண்டாம். அதில் யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். மலையில் எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான். குழுவின் சீனியர் முதலில் ஒன்றைத் தொட்டுவிட்டால், அவரிடம் ஆட்டம் கற்ற பையன் வேறொன்றைத் தொடுவானா? போட்டித் தேதியை முடிவு செய்ய 'போல்' நல்லது, விதிக்கு ஆகாது. படிவத்தில் பெயர் கேளுங்கள், ஆனால் அது தொகுப்பவர் ஒருவருக்கு மட்டும் தெரியட்டும். மற்றவர்களுக்குப் போகும் தொகுப்பில் "ஹால் 2, சனிக்கிழமை, இரவு 8" என்று இருந்தால் போதும். டைப் அடிக்காத பெரியவர்களிடம் வாய்ஸ் நோட் வாங்கிக்கொள்ளுங்கள். அதை ஒரு ஆள் உட்கார்ந்து படிவத்தில் ஏற்றணும். அலுப்பான வேலைதான், ஆனால் முப்பது வருடம் ஸ்ட்ரைக்கர் பிடித்த ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு சொல்லும் ஒன்றரை நிமிடத்தில் இருக்கும் விவரம், இளவட்டங்களின் ஐம்பது செய்தியில் இருக்காது.

படிவம் அனுப்புவதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. இப்போதைய விதி எது என்பதில் உங்களுக்குள்ளேயே ஒற்றுமை உண்டா? எங்களிடம் இல்லை. ஒரு குழுவிடம் 2014 ஜெராக்ஸ், ஒரு குழுவிடம் அதன்மேல் பேனாவால் அடித்துத் திருத்தியது, இன்னொரு குழு மனப்பாடம். முதல் திருத்தம் தோற்றதற்கு முக்கால் காரணம் இதுதான். ஆளுக்கொரு தாளை மனசில் வைத்துக்கொண்டு ஒரே விதியைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

இந்த விஷயத்தில் எங்கள் மலைக்கு ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. மேசையில் கோலால் பந்தைத் தள்ளி ஆடும் ஸ்னூக்கர் 1875-இல் ஜபல்பூரில் பிறந்தது. மழைக்காலத்தில் வெளியே போக முடியாத ராணுவ அதிகாரிகள் பிளாக் பூல் ஆட்டத்தில் கூடுதலாக வண்ணப் பந்துகளைச் சேர்த்து ஆடினார்கள். அதில் ஒருவரான நெவில் சேம்பர்லேன் பிறகு ஊட்டிக்கு வந்தார் (பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர் இல்லை, பெயர்தான் ஒன்று). ஏழு வருடம் வாய்வழியாகவே ஓடிக்கொண்டிருந்த அந்த ஆட்டத்துக்கு 1882-இல் விதிகள் வரையப்பட்டு ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டப்பட்டன. எனக்கு இதில் பிடித்தது சுவர்தான். சந்தேகம் வந்தால் நிமிர்ந்து பார்க்க ஓர் இடம். உங்கள் சுவர் ஒரு கூகுள் டாக்காக இருக்கலாம், எல்லாரும் படிக்கலாம், ஒருவர் மட்டுமே எழுதலாம் என்று பூட்டி வைத்தது. ஒவ்வொரு விதிக்கும் எண் போடுங்கள், மேலே தேதி போடுங்கள். அதன்பிறகு "அந்த ரெட் விதி" என்று யார் பேசினாலும் "எத்தனாவது எண்?" என்று கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே படுத்துவிடும்.

எண் போடும்போதே எது உங்கள் கையில் இருக்கிறது, எது இல்லை என்று பிரித்துவிடுங்கள். கேரமின் அடிப்படை விதிகள் நம் ஊர்ப் போட்டிக்காரர்கள் மாற்றுவதற்கில்லை. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-இல் நம் சென்னையில் தொடங்கியது, அதன் விதிப்புத்தகம் இருக்கிறது. 25 புள்ளி அல்லது 8 போர்டு, எது முதலில் வருகிறதோ அதோடு ஒரு கேம் முடிகிறது என்பதெல்லாம் அதில் உள்ளது. உங்கள் பையன்களில் ஒருவன் நாளைக்கு மாவட்டம், மாநிலம் என்று போனால் அந்த விதியில்தான் ஆட வேண்டும். ஊரில் வேறு பழக்கம் பழக்கிவிட்டு அனுப்பினால் பாவம் அவன். உங்கள் கையில் இருப்பது போட்டி நடத்தும் முறை: நேரம், டிரா (யாரோடு யார் ஆடுவது என்ற பட்டியல்), தாமதம், வெளிச்சம், யார் அம்பயர், தகராறு வந்தால் யாரிடம் போவது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பேச வேண்டியது பாதியாகக் குறையும்.

இப்போது, பேசாதவர்கள். அதிகம் பேசுகிறவர் ஒரு குழுவில் எட்டுப் பேர் இருப்பார்கள், எந்த ஊரானாலும். மற்றவர்கள் சம்மதித்ததால் சும்மா இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களிடம் "பதினைந்து நிமிடம் தாமதமானால் வாக்ஓவர்" என்று ஒரு விதி இருந்தது, அதாவது ஆடாமலே எதிராளிக்கு வெற்றி. படிவத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. நல்ல விதி என்றே நினைத்தோம். ஏதோ கணக்குப் பார்க்க மூன்று சீசன் ஸ்கோர் ஷீட்டைப் புரட்டியபோதுதான் கண்ணில் பட்டது: வாக்ஓவர் கொடுத்தவர்கள் திரும்பத்திரும்ப அதே ஆட்கள், எஸ்டேட் லைன் வீடுகளில் இருந்து வருகிறவர்கள். தேயிலை ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து, இருக்கிற ஒரு பஸ்ஸைப் பிடித்து, வழியில் மரம் விழுந்திருந்தால் இறங்கி நடந்து வருகிறவர்கள். அவர்கள் படிவம் நிரப்பவில்லை, ஏனென்றால் லைனில் சிக்னல் கிடையாது. ஒருவரிடம் நேரில் கேட்டேன். "விதி சரிதாங்க அண்ணே, பஸ்தான் லேட்டு" என்றார். தன்மேல்தான் தப்பு என்று அவரே நம்பிக்கொண்டிருக்கிறார். இப்போது எங்கள் விதி இப்படி இருக்கிறது: "பேருந்து, மழை, சாலை அடைப்பு காரணமாகத் தாமதம் என்று ஆட்ட நேரத்துக்கு முன் அம்பயருக்கு எந்த வழியிலாவது தகவல் வந்தால், அன்றைய கடைசி ஆட்டமாக அது மாற்றப்படும்." உங்கள் மலையிலும் இது இருக்கும். ஸ்கோர் ஷீட், புகார் நோட்டு, பாதியில் விலகியவர் பட்டியல் எல்லாவற்றையும் கருத்தாகவே எண்ணிக்கொள்ளுங்கள். கீழ்மலைக் கிராமங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்விட்டு வாருங்கள்.

கூட்டமாக வந்து குவிவதும் நடக்கும். ஒரு தடவை பத்து நிமிடத்துக்குள் பதினான்கு படிவம் வந்தது, பதினான்கிலும் "ஸ்டிரக்கர்" என்று ஒரே எழுத்துப்பிழை. எந்தக் குழு என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன். அவற்றைக் கிழித்துப் போடவும் இல்லை. பதினான்கையும் ஒரே சம்பவமாக வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். எண்ணிக்கையைப் பார்த்தால் பதினான்கு, சம்பவத்தைப் பார்த்தால் ஒன்று. சம்பவத்தை எண்ணுகிறவனை ஆள் சேர்த்து ஏமாற்ற முடியாது.

தொகுத்த பிறகு எழுதுவது ஒரு கை மட்டும். பக்கத்தில் இரண்டு பேர் இருக்கட்டும், ஒருவர் அம்பயர், இன்னொருவர் முதல் சுற்றிலேயே தோற்கிறவர். சிரிக்காதீர்கள். ஃபைனலுக்குப் போகிறவருக்கு எந்த விதியும் பெரிதாக இடிப்பதில்லை. பணம் கட்டி, பஸ் ஏறி வந்து, இருபது நிமிடத்தில் வெளியே போகிறவருக்குத்தான் விதியின் ஒவ்வொரு முனையும் குத்தும்.

வரைவு தயாரானதும் நேரே ஓட்டெடுப்புக்குப் போகாதீர்கள், ஆடிப் பாருங்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்றுக் கதையாக ஆடும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு 2014-இல் வருவதற்கு முன், 2012-இலிருந்தே வரைவு விதிகளை இணையத்தில் கொடுத்து, ஆடிப் பார்க்கச் சொல்லி, பிறகு கருத்துப் படிவம் அனுப்பினார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கு இரண்டு வருடம் என்றால் உங்களுக்கு இரண்டு ஞாயிறு போதும். நாங்கள் வரைவை இரண்டு ஹாலில் ஒரு பரிசில்லாப் போட்டியாக வைத்து ஆடினோம். தாளில் அழகாக இருந்த ஒரு நேர வரம்பு, நிஜத்தில் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற அம்பயர் போர்டைப் பார்க்காமல் போவதில் முடிந்தது. அன்றைக்கே அடித்துவிட்டோம்.

ஓட்டெடுப்பு என்று வந்தால், எவ்வளவு வேண்டும் என்பதை முன்னாலேயே எழுதி வையுங்கள். பேட்மிண்டனில் 21 புள்ளி மூன்று கேமுக்குப் பதிலாக 11 புள்ளி ஐந்து கேம் என்று மாற்ற 2021-இல் உலக அமைப்பின் பொதுக்குழுவில் ஓட்டு நடந்தது. ஆதரவாக 66.31 சதவீதம். தேவை மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66.67. தோற்றது. மயிரிழை என்றால் இதுதான். ஆனால் கோடு முன்னாலேயே போட்டிருந்ததால் முடிவு நின்றது. நம் ஊரில் கோடு போடாமல் ஓட்டெடுத்து 66 வந்திருந்தால், ஜெயித்தது யார் என்பதற்கு இன்னொரு ஓட்டெடுப்பு வைக்க வேண்டியிருக்கும். விதி விதியாகக் கேளுங்கள், மொத்தமாகக் கேட்காதீர்கள். "பிடித்திருக்கிறதா" என்று கேட்பதைவிட "இந்த விதியோடு அடுத்த சீசன் ஆட வருவீர்களா" என்று கேட்டால் பதில் நேர்மையாக வரும். டிரா போட்ட பிறகு எந்த மாற்றமும் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சில புகாருக்கு விதியில் ஒரு சொல்லும் மாற வேண்டியிருக்காது. 2019 ஐபிஎல்லில் நம்ம அஸ்வின், பந்து போடும் முன் கிரீஸை விட்டு நகர்ந்த பட்லரை ரன் அவுட் செய்தது நினைவிருக்கும். விதிப்படி அவுட்தான், ஆனாலும் ஊர் ரெண்டுபட்டது. 2022-இல் கிரிக்கெட் விதிகளை எழுதும் லண்டன் கிளப்பான எம்சிசி அந்தப் பகுதியை 'நியாயமற்ற ஆட்டம்' பற்றிய 41-ஆம் விதியிலிருந்து எடுத்து 'ரன் அவுட்' பற்றிய 38-ஆம் விதியில் வைத்தது. சொற்கள் அப்படியே, தலைப்பு மட்டும் வேறு. உங்கள் தாளில் 'ஒழுங்கீனம்' என்ற தலைப்பின் கீழ் தெரியாமல் நடக்கும் சாதாரண ஃபவுல்கள் (ஆட்டத் தவறுகள்) கிடந்தால் அவற்றை வெளியே எடுங்கள். எங்கள் ஆட்கள் சிலர் கோபப்பட்டது தண்டனைக்காக இல்லை, அந்தத் தலைப்புக்காக.

முடிவை அறிவிக்கும்போது ஏற்காதவற்றையும் போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணத்தோடு. "பவுடர் தாராளம்: ஏற்கவில்லை, காரணம் ஈரம், பல்பு ஏற்பாடு பார்க்க." இதை எழுத எனக்கு ஒரு மாலைதான் ஆனது. அந்த வருடம் ஒருவரும் குழுவை விட்டுப் போகவில்லை. பழைய பதிப்புகளைத் தேதியோடு தூக்கி வையுங்கள். சேம்பர்லேனுக்கு வந்த கதி தெரியுமா? ஸ்னூக்கர் எங்கே பிறந்தது என்று பின்னாளில் ஆளுக்கொரு கதை கிளம்பி, 1938-இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, ஒரு லண்டன் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, அந்த ஆட்டம் ஜபல்பூரில் தாங்கள் தொடங்கியது என்று அவரே சொல்ல வேண்டி வந்தது. ஊட்டிச் சுவரில் மாட்டியதற்குப் பக்கத்தில் நாலு வரி வரலாறும் எழுதியிருந்தால் தாத்தாவுக்கு அந்த வேலை மிச்சம்.

கடைசியாக, தம்மிங்கைத் தடை செய்யலாமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். சர்வதேச விதியில் கட்டைவிரல் ஆட்டத்துக்கு அனுமதி உண்டு, ஆகவே அது உங்கள் கையில் இல்லாத பட்டியலில் சேர்கிறது. ஆனால் தடை கேட்டவர்களிடம் அந்தப் படிவத்தைக் கொடுத்து, எந்த ஹாலில், எத்தனை மணிக்கு, யார் கட்டைவிரலால் என்ன நடந்தது என்று நிரப்பச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் பதினொரு பேர் தடை கேட்டார்கள். நிரப்பிய பதினொன்றிலும் ஒரே ஆளின் பெயர் இருந்தது, அருவங்காட்டுக்காரர், அந்த வருட சாம்பியன்.